இசை நாடக நடிகரின் தனி ஆவணங்களும் தொழில் ஆவணங்களும்: தொகுத்துப் பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி வட்டாரங்களில் வாழ்ந்து மறைந்த ராஜபார்ட் (நாயக வேஷம்), ஸ்திரீபார்ட் (நாயகி வேஷம்) நடிகர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒரு டிரங்குப் பெட்டியாவது இருக்கும். வேஷச் சாமான்களுக்கு அடியில் பாட்டு நோட்டுகள், பழைய டைரிகள், மடித்த நாடக நோட்டீஸ்கள், சங்கச் சந்தா ரசீதுகள், நான்கைந்து கேசட்டுகள் ஆகியவை அதில் கலந்து கிடக்கும். நடிகர் காலமான பின் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் குடும்பத்தாருக்கும், அவர்களுக்கு உதவ முன்வரும் மாணவர்களுக்கும் ஆர்வலர்களுக்கும் இந்த வழிகாட்டி உதவும். நடிகர் உயிரோடு இருக்கும்போதே தொடங்க முடிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

இந்தக் காகிதங்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த நாடகப் பாடங்களை அடிப்படையாகக் கொண்ட இசை நாடகம் ஒரு காலத்தில் நாடகக் கம்பெனிகளின் கையில் இருந்தது. அவரே 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார், டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அங்கேதான் சேர்ந்தார்கள். கம்பெனி என்றால் நிர்வாகி உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. இசை நாடகத்தின் இன்னொரு வடிவமான ஸ்பெஷல் நாடகத்தில் இவை எதுவும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியமும் மிருதங்கமும் இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே வந்து, ஒத்திகையின்றி இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் கூடி, விடியும்வரை வள்ளி திருமணமோ பவளக்கொடியோ நடத்திவிட்டுத் தத்தம் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார்கள். அந்த நாடகத்தை நடத்திய குழு என்று ஒன்று இல்லாததால், அதற்கென்று ஓர் அலுவலகக் கோப்பும் இல்லை. நடந்ததற்குச் சாட்சி நடித்தவர்களின் பெட்டிகளில் சிதறித்தான் கிடக்கிறது. ஆகவே ஒரு நடிகரின் ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது அவர் பங்கேற்ற நூற்றுக்கணக்கான இரவுகளின் ஆவணங்களையும் ஒழுங்குபடுத்துவதாகும். பின்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தையே சுற்றி அமைந்துள்ளன.

படி 1: தொடுவதற்கு முன் பார்க்கவும், கேட்கவும்

பெட்டியைத் திறந்தவுடன் எதையும் வெளியே எடுக்காமல், இருந்தபடியே புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும்போது மீண்டும் ஒரு படம். எந்த நோட்டுக்குள் எந்தக் கடிதம் செருகியிருந்தது, எந்த நோட்டீஸ்கள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன என்பவை நடிகரே செய்து வைத்த வகைப்பாடுகள். கட்டை அவிழ்த்துக் கலந்துவிட்டால் அந்தச் செய்தி மீளாது. ஆவணக் காப்பகத் துறையில் இதற்கு மூல ஒழுங்கைக் காத்தல் என்று பெயர். ஒருவருடைய காகிதங்களை மற்றொருவருடையவற்றுடன் கலக்கக் கூடாது என்பது அதன் உடன்பிறப்பான இன்னொரு விதி. கணவன் ராஜபார்ட், மனைவி ஸ்திரீபார்ட் என்றிருந்த குடும்பங்களில் இரண்டாம் விதிக்கு அதிகக் கவனம் தேவைப்படும்.

குடும்பத்தார் எதை வைத்துக்கொள்கிறார்கள், எதை எறிகிறார்கள் என்பதில் ஒரு பொதுப் போக்கு தெரிகிறது. கேடயங்கள், பொன்னாடைகள், அமைச்சரோடு நிற்கும் படங்கள் ஆகியவை பத்திரமாக இருக்கும். சட்டைப்பை டைரிகள், தொலைபேசி எண்கள் எழுதிய சிறு நோட்டுகள், பேருந்துச் செலவுக் கணக்குகள் ஆகியவை பழைய காகிதக்காரரிடம் போயிருக்கும். ஆய்வாளருக்கோ இரண்டாவது வகைதான் வேண்டும். எனவே முதல் சந்திப்பிலேயே, எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை எதையும் எறிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலமாரித் தட்டுக்கு விரித்த தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கவும். நோட்டீஸ்கள் அங்கேயும் இருப்பதுண்டு.

அதே நாட்களில், நடிகரோடு சேர்ந்து நடித்தவர்கள், ஆர்மோனியம் வாசித்தவர், தேதி பிடித்துக் கொடுத்த நாடக அமைப்பாளர் ஆகியோரிடம் பேசி ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். காகிதம் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும். எண்பது வயதுப் பின்பாட்டுக்காரர் அதுவரை இருப்பார் என்று சொல்ல முடியாது.

படி 2: பூச்சியையும் பூஞ்சையையும் பிரிக்கவும்

செல்லரித்த கட்டு, பூஞ்சை படிந்த நோட்டு, நனைந்து ஒட்டிய படங்கள் ஆகியவற்றை மற்றவற்றிலிருந்து அன்றே தனியாக எடுத்துவிட வேண்டும். பூஞ்சை உள்ளவற்றை முகக்கவசமும் கையுறையும் அணிந்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, நன்கு காய்ந்த பிறகே மென்மையான தூரிகையால் வெளிப்புறமாகத் துடைக்கலாம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சை காகிதத்துக்குள் இறங்கிவிடும். வெயிலில் காய வைக்கவே கூடாது. வயலட் மையும் நோட்டீஸின் இளஞ்சிவப்பு, பச்சைத் தாள்களும் வெளுத்துப் போகும்.

உயிருள்ள பூச்சி இருந்தால், காய்ந்த காகிதக் கட்டைப் பாலித்தீன் பைக்குள் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழே 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் பையைத் திறக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்தில் விட்டுவிடுவது நல்ல முறை. புகைப்படங்களுக்கும் கேசட்டுகளுக்கும் இது பொருந்தாது. பாச்சை உருண்டையைக் காகிதங்களுக்கிடையே போடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அதன் ஆவி கையாளுபவரின் உடலுக்குக் கேடு, சிலவகைப் படங்களுக்கும் நெகிழிக்கும் கேடு. வேப்பிலை, வசம்பு ஆகியவற்றைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே வைப்பதில் தவறில்லை. அவற்றை மட்டுமே நம்பியிருப்பதுதான் தவறு.

துருவேறிய குண்டூசி, ஸ்டேப்ளர் பின், இற்றுப்போன ரப்பர் பேண்டு ஆகியவற்றைப் பொறுமையாக நீக்கவும். கிழிசலை ஒட்ட செலோ டேப் பயன்படுத்தவே கூடாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதை உரிக்க முயலாமல், தேர்ந்த பாதுகாப்பாளர் ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது. லேமினேஷன் செய்து தருகிறேன் என்று யாராவது அன்போடு முன்வந்தால் அன்போடு மறுத்துவிடுங்கள். அந்தச் சூடும் பசையும் உள்ளே போனால் காகிதத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

படி 3: தற்காலிக எண் இடவும்

வகை பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு நோட்டுக்கும் கட்டுக்கும் உறைக்கும், இருந்த வரிசையிலேயே ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதினால் போதும்; பேனா, ஸ்டிக்கர், முத்திரை எதுவும் வேண்டாம். அதே எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, எதிரே அந்தப் பொருள் எங்கே கிடந்தது என்று ஒரு வரி குறிக்கவும். பிற்பாடு எத்தனை முறை வகை மாற்றினாலும் இந்த நோட்டைக் கொண்டு பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடலாம்.

படி 4: வகை பிரிக்கவும்

எழுத்தாளரின் ஆவணங்களுக்கு ஏற்ற வகைப்பாடு நடிகருக்குப் பொருந்தாது. இசை நாடக நடிகரைப் பொறுத்தவரை முதலிடம் தேதி டைரிக்கே. அமைப்பாளர் வந்து முன்பணம் கொடுத்துத் தேதி உறுதி செய்தவுடன் நடிகர் எழுதிக்கொள்வது அது. ஒரு வரியில் ஊர், நாடகம், வேஷம், அட்வான்ஸ், பாக்கி ஆகியவை அடங்கிவிடும்: ‘மேலூர் பக்கம், வள்ளி, வேலன், அட். 200, பாக்கி 300, கூட ஆள் ஒன்று’ என்பது போல. பல நடிகர்களுக்கு வாழ்நாள் வரலாறே இந்த வரிகள்தான். மதுரகவி பாஸ்கரதாஸ் (1892–1952) தொடர்ந்து எழுதிவைத்த நாட்குறிப்புகளை அவருடைய பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கினார். நாடகப் பாடலாசிரியர் ஒருவர் அன்றாடம் யாரைச் சந்தித்தார், எங்கே பயணம் செய்தார் என்பது அதன் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது. பெரிய கவிஞருக்கு மட்டுமல்ல, வட்டார அளவில் நடித்த பபூனுக்கும் (நகைச்சுவை நடிகருக்கும்) இப்படியோர் ஏடு இருந்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு தேட வேண்டும்.

அடுத்தது நாடக நோட்டீஸ்கள். திருவிழாவின் பெயர், தெய்வம், உபயதாரர்கள், நாடகத்தின் பெயர், நடிகர்களின் படமும் பட்டமும், அமைப்பாளர் பெயர், அடியில் அச்சகத்தின் பெயர் என்று ஒரு நோட்டீஸில் ஓர் ஊரே இருக்கிறது. யாருடைய படம் பெரிது, யாருடைய பெயர் முதலில் வருகிறது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் ‘இசைச்செல்வர்’ என்றிருந்தவர் இப்போது எந்தப் பட்டத்தோடு வருகிறார் என்பவை அந்தக் கலைஞரின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். நோட்டீஸின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். நடிகர்கள் வரவு செலவுக் கணக்கையும் புதிதாகக் கேட்ட பாட்டின் முதல் அடியையும் அங்கே எழுதிவைப்பதுண்டு.

மூன்றாவது, பாட்டு நோட்டுகளும் பாடங்களும். பிள்ளையார் சுழியும் ஆசிரியர் பெயரும் போட்டுத் தொடங்கும் இந்த நோட்டுகளில் விருத்தம், தரு, கண்ணி, சந்தம் ஆகிய பாட்டு வகைகள் ராகம், தாளம், வர்ணமெட்டு (எந்தப் பாட்டின் மெட்டில் பாடுவது என்ற குறிப்பு) ஆகியவற்றின் பெயரோடு எழுதப்பட்டிருக்கும். வள்ளிக்கும் வேலனுக்கும் நடக்கும் தர்க்கத்துக்கான கேள்வி பதில்களை நடிகர்கள் தனி நோட்டில், சக நடிகரின் கண்ணில்கூடப் படாமல் வைத்திருப்பார்கள். மேடையில் எதிராளியை மடக்கும் ஆயுதம் அது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகக் கூறலாம். அமைப்பாளர், ஊர்க்காரர், ரசிகர், சக நடிகர் எழுதிய கடிதங்கள்; நடிகர் சங்கச் சந்தா ரசீதுகள், உறுப்பினர் அட்டை, சங்கரதாஸ் சுவாமிகள் குருபூஜை அழைப்பிதழ்கள், தகராறு தீர்க்கச் சங்கத்துக்கு எழுதிய மனுக்கள்; விருதுச் சான்றுகள், கலைமாமணி விருதுக்கோ நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கோ விண்ணப்பித்த நகல்கள், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை; புகைப்படங்கள்; கேசட், வீடியோ ஆகியன; கடைசியாக, பிராமிசரி நோட்டு, அடகு ரசீது, ஜாதகம், பள்ளிச் சான்று, குடும்ப அட்டை போன்ற சொந்தக் காகிதங்கள். இந்தக் கடைசி வகையைத் தொழிலோடு தொடர்பில்லாதது என்று ஒதுக்கிவிட வேண்டாம். திருவிழாக் காலத்தில் மீட்ட நகை நாடகம் இல்லாத மாதங்களில் மீண்டும் அடகுக்குப் போனதை அந்த ரசீதுகளின் தேதிகளே காட்டிவிடும். உதவித்தொகை விண்ணப்ப நகல் இன்னொரு வகையில் பயன்படும். நடிகர் தன் வரலாற்றைத் தானே ஓரிரு பக்கத்தில் எழுதிய ஒரே இடம் பல சமயம் அதுவாகத்தான் இருக்கும்.

படி 5: ஆண்டைக் கண்டுபிடிக்கவும்

அதிக உழைப்பைக் கேட்பதும் அதிகப் பலனைத் தருவதும் இந்தப் படிதான். நோட்டீஸ் அடிப்பவர் அடுத்த வாரம் நடக்கவிருக்கும் நாடகத்துக்காக அடிக்கிறார். ஆங்கில ஆண்டைப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் தமிழ் ஆண்டும் கிழமையும் பெரும்பாலும் இருக்கும். இவை இரண்டும் போதும்.

ஒரு நோட்டீஸில் ‘ரௌத்திரி வருடம் பங்குனி மாதம், ஏப்ரல் 8, புதன்கிழமை இரவு’ என்று இருப்பதாகக் கொள்வோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ரௌத்திரி 1920 சித்திரையிலும் 1980 சித்திரையிலும் தொடங்கியது. பங்குனி ஆண்டின் கடைசி மாதம் என்பதால் அந்த ஏப்ரல் 1921ஆகவோ 1981ஆகவோ இருக்க வேண்டும். 1921 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமை. 1981 ஏப்ரல் 8 புதன்கிழமை. எனவே நோட்டீஸ் 1981ஆம் ஆண்டுக்குரியது. பங்குனியை மறந்து 1980 என்று எழுதிவிடுவது மிகவும் எளிதில் நேரும் பிழை. அதைப் போலவே, விடியும்வரை நடக்கும் நாடகத்துக்கு இரண்டு தேதிகள் உண்டு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். நோட்டீஸும் டைரியும் தொடங்கிய இரவின் தேதியைச் சொல்லும், விடிந்தபின் கையெழுத்திட்ட பண ரசீது மறுநாள் தேதியைச் சொல்லும். இரண்டும் ஒரே நாடகம்தான்.

தமிழ் ஆண்டும் இல்லாதபோது வேறு தடயங்கள் கைகொடுக்கும். கணக்கில் அணா வந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையதாகவோ, பழைய பழக்கம் விடாத அடுத்த சில ஆண்டுகளைச் சேர்ந்ததாகவோ இருக்கலாம், ‘ந.பை.’ என்று நயா பைசா வந்தால் 1957க்குப் பின். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. மாவட்டப் பெயர் இன்னும் துல்லியமானது: புதுக்கோட்டை மாவட்டம் என்றால் 1974க்குப் பின், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் என்றால் 1985க்கும் 1997க்கும் இடையில், ஏனெனில் 1985இல் அந்தப் பெயரோடு தோன்றிய மாவட்டம் 1997இல் சிவகங்கை மாவட்டமானது. ணை, லை, னை ஆகியவை பழைய கொம்பு வடிவில் அச்சாகியிருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தையது என்று ஊகிக்கலாம்; ஆனால் சிற்றூர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை ஆணை வந்த மறுநாளே தூக்கிப் போட்டுவிடவில்லை என்பதால் அதை மட்டும் கொண்டு முடிவு செய்யக் கூடாது. கையெழுத்துக்கு இந்த அளவுகோல் சற்றும் உதவாது. பெரியவர்கள் தங்கள் காலம் முடியும்வரை பழைய வடிவத்திலேயே எழுதினார்கள்.

பாட்டு நோட்டுக்கு வர்ணமெட்டுதான் காலங்காட்டி. ஒரு விருத்தத்துக்கு அடுத்து ஒரு திரைப்பாடலின் மெட்டுப் பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பக்கம் அந்தப் படம் வெளிவந்த பிறகே எழுதப்பட்டிருக்க முடியும். நோட்டு முழுவதையும் ஒரே ஆண்டில் எழுதியிருப்பார் என்று எண்ணிவிட வேண்டாம். மை, பேனா, கையெழுத்து மாறும் இடங்களைத் தனித்தனியே குறிக்கவும்.

எந்த ஆண்டையும் ஊகித்து எழுதினால் அது ஊகம் என்றும் எதனால் ஊகித்தோம் என்றும் பட்டியலில் சேர்த்தே எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போட்டுக் காரணத்தை ஒரு வரியில் சொல்வது வழக்கம்.

படி 6: ஓர் இரவை ஒன்றுசேர்க்கவும்

இப்போது ஒரு விரிதாளைத் திறந்து, தேதி டைரியின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை கொடுக்கவும். தேதி, ஊர், வட்டம், நாடகம், நடிகர் ஏற்ற வேஷம், உடன் நடித்தோர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவிகளை வாசிப்பவர்), பபூன், டான்ஸ், அமைப்பாளர், தொகை, திருவிழா என்பவை நிரல்கள். பிறகு அதே தேதிக்குரிய நோட்டீஸ், படம், கேசட், கடிதம் ஆகியவற்றின் எண்களைக் கடைசி நிரலில் சேர்க்கவும். காகிதங்களைப் பெட்டியில் இடம் மாற்ற வேண்டியதில்லை. அவை தத்தம் வகையிலேயே இருக்கட்டும். அவற்றை இணைப்பது இந்த அட்டவணையின் வேலை.

நோட்டீஸில் பெயர் இருந்தும் டைரியில் வரி இல்லையென்றால் நடிகர் அன்று போகவில்லை என்றும், டைரியில் வரி இருந்தும் நோட்டீஸில் பெயர் இல்லையென்றால் கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாகப் போனார் என்றும் பொருள் கொள்ள இடமுண்டு. அச்சில் உள்ள பெயர் மேடையில் ஏறியதற்கு உறுதியான சான்றாகாது. இந்த வேறுபாட்டை ‘அறிவிக்கப்பட்டது’, ‘நடித்தது’ என இரண்டு நிரல்களில் பதிவு செய்வது நல்லது. இன்னொரு நடிகரின் ஆவணங்கள் இதே முறையில் பட்டியலாகும்போது இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து ஒரே இரவை இரு பக்கமிருந்தும் பார்க்க முடியும். நிறுவனமே இல்லாமல் நடந்த ஒரு கலைக்கு இப்படித்தான் பின்னாளில் ஒரு வரலாறு அமையும்.

படி 7: பாட்டு நோட்டைப் படியெடுக்கவும்

படியெடுப்பவர் திருத்தக் கூடாது. சந்தி, எழுத்துப் பிழை, அச்சு நூலில் உள்ள பாடத்திலிருந்து மாறுபடும் அடி எதுவாயினும் நோட்டில் உள்ளபடியே எழுத வேண்டும். சுவாமிகளின் பாட்டை ஒரு நடிகர் வேறு சொல்லோடு எழுதியிருந்தால் அது மறதியாக இருக்கலாம், அவருடைய ஆசிரியர் சொல்லித்தந்த பாடமாகவும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வேலை பின்னால் வரும் ஆய்வாளருக்கு உரியது. நகல் எடுப்பவர் அதில் இறங்கக் கூடாது.

ஓரக் குறிப்புகளை விடாமல் எடுக்கவும். ‘இங்கே பபூன்’, ‘பின்பாட்டு எடுத்ததும் திரும்பு’, ‘ஊர் பார்த்துச் சுருக்கவும்’ போன்றவற்றில்தான் மேடை இருக்கிறது. சுருதிக் குறிப்பும் அப்படியே. இளமையில் ஐந்து கட்டையில் பாடியவர் பிற்கால நோட்டில் அதே பாட்டுக்கு மூன்று கட்டை என்று அடித்து எழுதியிருந்தால், ஒரு தொண்டையின் முப்பது ஆண்டுக் கதை அந்த அடித்தலில் கிடைத்துவிடும். அடித்த எழுத்தையும் படிக்க முடிந்தவரை படித்துப் பதிவு செய்யவும்.

தட்டச்சு ஒருங்குறியில்தான் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் பத்து ஆண்டு கழித்து வெறும் குறிகளாகத் திறப்பதை நாடகத் துறையில் மட்டுமல்ல, எல்லாத் துறையிலும் பார்த்துவிட்டோம்.

படி 8: படங்களும் ஒலியும்

புகைப்படத்தில் உள்ளவர்களின் பெயரைக் கேட்கும்போது ராஜபார்ட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் ஓரத்தில் நிற்கும் ஆல்ரவுண்ட்காரர், டான்ஸ் பெண்மணி, திரை இழுத்தவர் ஆகியோரையும் கேட்டு எழுதவும். இடமிருந்து வலம் என்று வரிசைப்படி தனித்தாளில் எழுத வேண்டும். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் எழுத்து முன்பக்கம் புடைத்துத் தெரியும். ஆல்பத்தில் பசையால் ஒட்டிய படங்களைப் பிய்க்காமல் பக்கத்தோடு நகலெடுத்துக்கொள்ளலாம்.

கேசட்டுகளே மிகவும் அவசரமானவை. எட்டு மணி நேர நாடகத்துக்கு 90 நிமிடக் கேசட் ஆறாவது வேண்டும். ஆகவே ஒரு நாடகம் பல கேசட்டுகளில் பிரிந்து, வரிசை எண் இல்லாமல் கிடக்கும். முதலில் ஒவ்வொரு கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தாழ்களையும் உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகிவிடும் ஆபத்து நீங்கும். ஒலிநாடா தொட்டுச் செல்லும் முனையைச் சுத்தம் செய்த நல்ல இயக்கியில் ஓடவிட்டு, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவிலாவது ‘வேவ்’ கோப்பாகப் பதிவு செய்யவும். இரைச்சலை நீக்குவதாக நினைத்து மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். கூட்டத்தின் சிரிப்பும் குழாய் ஒலிபெருக்கியின் கரகரப்பும் அந்த இரவின் பகுதிகளே. எம்பி3 நகல் கேட்பதற்கு மட்டும்.

படி 9: எண்ணிமமாக்கலும் இருப்பும்

காகிதங்களை 400 டிபிஐ அளவிலும் புகைப்படங்களை 600 டிபிஐ அளவிலும் ‘டிஃப்’ கோப்புகளாக வருடி, பார்வைக்கு ‘ஜேபெக்’ நகல் எடுப்பது போதுமானது. வருடி இல்லையென்றால் கைப்பேசியைத் தாங்கியில் செங்குத்தாகப் பொருத்தி, மின்னொளி பாய்ச்சாமல், சன்னல் வெளிச்சத்தில் எடுக்கலாம். வெற்றுப் பக்கத்தையும் பின்பக்கத்தையும் விடாமல் எடுக்க வேண்டும். கோப்புப் பெயர் தொகுப்பு எண், பொருள் எண், பக்க எண் என்று எண்களாகவே இருக்கட்டும். மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்பது காப்புப் படிக்கான குறைந்தபட்ச விதி. வாட்ஸ்அப் வழியே அனுப்பிய படம் சுருங்கிவிடுவதால் அதைக் காப்புப் படியாகக் கருத முடியாது.

மூலங்களை அமிலமற்ற தாளுறைகளில் வைத்து, அட்டைப் பெட்டியில் அடுக்கவும். அமிலமற்ற தாள் கிடைக்கும்வரை, துவைத்துக் கஞ்சி நீக்கிய பருத்தித் துணியில் சுற்றி வைப்பது பிளாஸ்டிக் கவரைவிடப் பன்மடங்கு மேல். பரண் வேண்டாம், மொட்டை மாடிக்கு நேர் கீழான அறை வேண்டாம், தரையும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

படி 10: பட்டியல் எழுதவும்

தொகுப்பின் முகப்பில் நடிகரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கம். பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வரலாறு ஒரு பத்தி. பிறகு வகைவாரியாகப் பொருட்பட்டியல். ஒரு பதிவு இந்த அளவில் இருக்கலாம்:

‘எண் 2/47. நாடக நோட்டீஸ். வள்ளி திருமணம். 8.4.[1981], ஆண்டு, தமிழ் வருடப் பெயரும் கிழமையும் கொண்டு கணிக்கப்பட்டது. ஒரு தாள், இளஞ்சிவப்பு, மடிப்பில் கிழிசல். பின்பக்கம் பென்சிலால் வரவு செலவு. காண்க: டைரி 1/9.’

வாழ்க்கைக் குறிப்பில் புகழுரை தேவையில்லை. பிறந்த ஊர், ஆசிரியர், முதல் வேஷம், பபூனிலிருந்து ராஜபார்ட்டுக்கோ, ஸ்திரீபார்ட்டிலிருந்து ஆர்மோனியத்துக்கோ மாறிய காலம், சேர்ந்த சங்கம் ஆகியவை போதும். விடுதலைப் போராட்டக் காலத்து நடிகராயிருந்தால் வீட்டுப் பெட்டிக்கு வெளியேயும் தேட வேண்டும். மேடையில் தேசியப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை சிறை சென்று, 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் துறந்த விசுவநாததாஸ் போன்றவர்களைப் பற்றிக் குடும்பத்தைவிட அரசாங்கமே அதிகம் எழுதிவைத்திருக்கக்கூடும். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கோப்புகளும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள தடைசெய்யப்பட்ட வெளியீடுகளின் தொகுப்பும் இதற்கு உதவும்.

படி 11: உரிமையும் அந்தரங்கமும்

காகிதம் கையில் இருப்பதால் அதை வெளியிடும் உரிமையும் கையில் இருப்பதாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒரு கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் 60 ஆண்டுகள்வரை அவருடைய வாரிசுகளுக்கும் உரியது, பெற்றவருக்கு அல்ல. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் பொதுவுடைமை. ஆனால் அதே நோட்டில் உள்ள பிற்காலத்து வாத்தியாரின் பாடல்கள் அப்படியிருக்க வேண்டியதில்லை. தர்க்க நோட்டை நடிகர் தம் வாழ்நாளில் யாருக்கும் காட்டவில்லையென்றால், சட்டம் எதுவாயினும், வாரிசுகளிடமும் சீடரிடமும் கேட்டுவிட்டே வெளியிட வேண்டும்.

சட்டத்தைத் தாண்டிய ஒன்றும் உண்டு. மேடைப் பெண்களைப் பற்றி ஊர் பேசிய பேச்சு அவர்களுடைய பிள்ளைகளின் திருமணம்வரை துரத்தியிருக்கிறது. ஆகவேதான் நடித்ததையே மறைத்து வாழும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இரண்டாம் தாரம், கடன், குடி, சங்கத் தகராறு பற்றிய கடிதங்களை அழிக்க வேண்டியதில்லை. தனி உறையிலிட்டு முத்திரையிட்டு, சம்பந்தப்பட்டவர்களின் காலத்துக்குப் பிறகு திறக்கலாம் என்று ஓர் ஆண்டைக் குறித்துவிட்டால் போதும். எரித்துவிடலாம் என்று குடும்பத்தில் ஒருவர் சொல்லும்போது இந்த வழியைச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

படி 12: எங்கே ஒப்படைப்பது

வீட்டிலேயே வைத்துக் காக்க இயலாதபோது, சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை முதலில் அணுகலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பே அதன் அடித்தளம் என்பதால், நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும் அற்பமானவை என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிராது. மூலத்தை வீட்டில் வைத்துக்கொண்டு எண்ணிம நகலை மட்டும் பொதுவில் வைக்க விரும்புவோர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்து இசை நாடக மரபைச் சேர்ந்த ஆவணங்களுக்கு, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கும் ‘நூலகம் நிறுவனம்’ பொருத்தமான இடம். நடிகர் சங்கக் கட்டடத்தில் வைப்பது உணர்வளவில் நெருக்கமானது. ஆனால் நிர்வாகம் மாறும்போது அறை மாறும், அறை மாறும்போது பெட்டி காணாமல் போகும் என்பதால், சங்கத்துக்கு நகலும் நூலகத்துக்கு மூலமும் என்று பிரிப்பதே என் பரிந்துரை.

எங்கே கொடுத்தாலும் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். கொடுப்பது நன்கொடையா, பொறுப்பில் வைப்பா. எந்த உறைகள் எந்த ஆண்டுவரை மூடியிருக்கும். வெளியிடுவோர் யாரிடம் அனுமதி பெற வேண்டும். எண்ணிம நகலின் ஒரு முழுப் படி குடும்பத்துக்கு எத்தனை மாதத்துக்குள் தரப்படும் என்ற நான்கையும் அதில் எழுதி, படி 3இல் தயாரித்த எண் நோட்டின் நகலை இணைத்து, இரு தரப்பும் பக்கந்தோறும் கையெழுத்திட்ட பிறகு பெட்டியை வண்டியில் ஏற்றலாம்.